கையைக் காட்டச் சொன்னவர்

எங்க ஆம்பூர்ல ஆம்பளைங்க போட்டோவுக்கு நின்னா கையை ஒளிச்சுக்குவாங்க. அந்தக் காலத்துப் படம் எதை எடுத்துப் பாத்தாலும் தெரியும். ஒருத்தர் அங்கவஸ்திரத்துக்குள்ள விட்டிருப்பாரு, ஒருத்தர் முதுகுக்குப் பின்னால கட்டியிருப்பாரு, ஒருத்தர் பைபிளை விரல் தெரியாத மாதிரி மார்ல அணைச்சிருப்பாரு. பாக்கறவங்க அதை மரியாதைன்னு நெனச்சுக்குவாங்க. மரியாதையுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. தோல்ஷாப்புல சுண்ணாம்புக் குழியில இறங்கினவங்களுக்கு நகம் நிக்காது. தோல்ல இருக்கற மயிர் உதிரணும்னு சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போடுவாங்க. அந்தத் தண்ணிக்கு ஆட்டு மயிரும் ஒண்ணுதான், மனுசன் நகமும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் ஆவாரம்பட்டைத் தொட்டி. மணிக்கட்டு வரைக்கும் கறை ஏறிடும், எந்த சோப்புக்கும் போகாது. அப்படிப்பட்ட கையை யாரு படத்துல காட்டுவாங்க?

காட்டச் சொன்னது ஒரே ஒரு போட்டோக்காரர்தான். அவர்கிட்ட நான் பத்தொம்பது வருஷம் வேலை செஞ்சேன். அவர் பேரை இங்க சொல்லப் போறதில்ல. மெடல் குடுத்தவங்க எழுதி வெச்சிருப்பாங்க, அது போதும்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துல பழைய தோல் கிடங்கு ஒண்ணைப் புடிச்சு, கூரையில வடக்குப் பக்கத்து ஓட்டைப் பிரிச்சுட்டுக் கண்ணாடி போட்டு அதைத்தான் ஸ்டுடியோன்னு வெச்சிருந்தாரு. மத்த போட்டோக்காரங்க அரண்மனைப் படிக்கட்டு, மயிலு, தூண் எல்லாம் எழுதின திரையை மாட்டுவாங்க. இவர் சாக்குத் துணியைக் கட்டியிருந்தாரு. வந்தவங்க முகம் சுளிச்சா, "அரண்மனையை எடுக்கணும்னா மைசூருக்குப் போவேனே"ன்னு சொல்லிடுவாரு. அப்புறம் தாடையில கிராம்பை ஒதுக்கிக்கிட்டு, "கையைக் காட்டு"ன்னுவாரு. சிரின்னு சொல்ல மாட்டாரு, நிமிந்து பாருன்னு சொல்ல மாட்டாரு. கையைக் காட்டு, அவ்ளோதான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ. துணியில பூ எழுதுவேன். படத்தைச் சரிபண்ற வேலைக்கு ஆள் வேணும்னு பாஸ்டர் வீட்டம்மா சொல்லி அங்க போய் நின்னேன். அவர் என் முகத்தையே பாக்கல. கையைக் காட்டும்மான்னாரு. ரேகை பாத்து ஜோசியம் சொல்லப் போறாரோன்னு பயந்துக்கிட்டே நீட்டினேன். ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்துட்டு, நடுங்கல, நாளைக்கு வான்னுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் சந்தையில எதிர்ல வந்தா என்னை அடையாளம் தெரியாம தாண்டிப் போவாரு. வணக்கம் சொல்லக் கையைக் குவிச்சா, அட நீயாம்மான்னு நிப்பாரு. ஊர்ல எல்லாரையும் அப்படித்தான். திமிரு புடிச்ச ஆளுன்னு பேர் வந்துச்சு. திமிரில்ல அது, அவருக்கு மனுசன் மணிக்கட்டுல ஆரம்பிச்சு விரல்ல முடிஞ்சிடுவான்.

என் வேலையைச் சொல்லிடறேன். கண்ணாடித் தகட்டுல விழற படம் எல்லாம் மாத்தி இருக்கும், வெள்ளை கருப்பா, கருப்பு வெள்ளையா. அதுல பென்சிலால ஒரு புள்ளி வெச்சா, காகிதத்துல அடிக்கறப்ப அந்த இடம் வெளுத்து வரும். அம்மைத் தழும்பை அப்படித்தான் மூடுவோம். செத்தவங்களை எடுத்த படத்துல கண்ணைத் திறந்து வைக்கறதும் அப்படித்தான். இவர் கையைக் காட்டச் சொல்லி எடுத்துடுவாரா, எடுத்து முடிச்சதும் வீட்டுக்காரங்க பின்வாசல் வழியா என்கிட்ட வந்து, நகம் வெச்சுக் குடும்மான்னு கெஞ்சுவாங்க. ஊசியாட்டம் சீவின பென்சிலால விரலுக்கு ஒரு தீத்தல். ஆண்டவர் ஒரு தடவை வெச்சாரு, நான் ரெண்டாவது தடவை வெச்சேன். அவர் கண்டுக்க மாட்டாரு. அதெல்லாம் அவருக்கு வயித்துப்பாட்டுக்கு எடுக்கற சோத்துப் படம். சோத்துப் படத்துல நீ மீசை கூட வெச்சுக்கோம்மா, என் படத்துல மட்டும் பென்சில் படக் கூடாதுன்னுவாரு.

ஒரு தடவை பேரணாம்பட்டுப் பையன் ஒருத்தனுக்கு வாலாஜாபேட்டையில பொண்ணு பேசினாங்க. பொண்ணோட அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையன் ஷாப்புல குமாஸ்தான்னு தரகர் அளந்து விட்டிருந்தாரு. நகமில்லாத விரலுக்கெல்லாம் நான் நகம் வெச்சேன், படம் ஜம்முனு வந்துச்சு. நிச்சயத்தன்னிக்குத் தாம்பூலத் தட்டை வாங்கப் பையன் கையை நீட்டினான், அதோட முடிஞ்சுது கதை. மறுநாள் வாத்தியார் ரயிலேறி வந்து படத்தை மேசை மேல வெச்சாரு.

"இதுல பத்து நகம் இருக்கு. அந்தப் பையன் கையில நாலுதான் இருக்கு. மீதி ஆறு எங்கய்யா?"

நம்ம ஆளு படத்தை எடுத்து வெளிச்சத்துல பாத்துட்டு, நாலுதான், நல்லாக் கவனிச்சிருக்கீங்க, மீதி இந்தம்மா வெச்சதுன்னு என்னைக் கை காட்டிட்டாரு. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. கல்யாணம் நின்னு போச்சு. அதோட விட்டாரா? அடுத்த வாரம் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் பேரணாம்பட்டுக்கே போய், அந்தப் பையன் கையைப் படம் எடுக்கணும்னு கேட்டிருக்காரு. பையனோட அம்மா வெளக்குமாத்தை எடுத்துட்டா. வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவர் என்கிட்ட, "நல்ல கைம்மா, அந்தப் பொம்பளைக்கு அருமை தெரியல"ன்னு வருத்தப்பட்டாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஊரான் வீட்டு விஷயம், சிரிப்பு வந்துச்சு.

எங்க வீட்டுக்காரரும் சுண்ணாம்புக் குழி வேலைதான். மொத உலகச் சண்டைக்கு பூட்ஸ் தைக்கத் தோல் போய்க்கிட்டிருந்த காலம், ஷாப்புல வேலை ஜாஸ்தி. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்து வெளியில புளிய மரத்துக்கிட்ட நிப்பாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு. என் நாத்தம் படத்துல ஒட்டிக்கும்னு கிண்டல் பண்ணுவாரு. ஒருநாள் வெளிச்சம் எப்படின்னு வானத்தைப் பாக்க வெளியில வந்த போட்டோக்கார ஐயா, பீடி புடிச்சிருந்த அந்தக் கையைப் பாத்துட்டாரு. கையைக் காட்டுப்பான்னாரு. இவர் பின்னால ஒளிச்சாரு. ஐயா மணிக்கட்டைப் புடிச்சு இழுத்து, சந்தையில கத்தரிக்காய் பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதை எடுக்கணும்னாரு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எங்க வீட்டுக்காரர் தன் கையையே பாத்துக்கிட்டு வந்தாரு. இன்னா இருக்குது இதுலன்னு என்னைக் கேட்டாரு. நான் தினம் பாக்கற கை, எனக்கு இன்னா தெரியும்.

எங்க கல்யாணத்துல படம் எடுக்கல. படம் எடுத்தா ஆயுசு கம்மியாயிடும்னு மாமனார் தடுத்துட்டாரு. ஐயா கையைக் கேட்ட சமயம் எனக்கு வயித்துல ஆறு மாசம். நான் ஐயாகிட்ட போய், கையை நல்லா எடுத்துக்கோங்க, அதோட முகமும் ஒண்ணு எடுத்துக் குடுங்க, எங்ககிட்ட அவர் படம் ஒண்ணு கூட இல்லன்னு சொன்னேன். ஆகட்டும்மான்னாரு. காது குளிரக் கேட்டேன் அதை.

ஞாயித்துக்கிழமை கோயில் விட்டதும் ஷாப்புல ஆளில்லாத நேரமாப் பாத்து அங்கயே போனோம். எங்க வீட்டுக்காரர் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டு, எண்ணெய் வெச்சுத் தலையைப் படிய வாரி, மீசையை வெட்டிச் சீராக்கிக்கிட்டு வந்தாரு. தோல் அடுக்கு மேல உக்கார வெச்சு, கையை முட்டி மேல வெச்சுக்கோ, மூச்சை அடக்கு, அசையாதேன்னாரு ஐயா. கொட்டகைக்குள்ள வெளிச்சம் கம்மி, பத்து எண்ணுற வரைக்கும் அசையக் கூடாது. இவர் மோவாயைத் தூக்கி நேரா லென்ஸையே பாத்தாரு. இமைச்சா முகம் கெட்டுடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. இமைக்காம இருந்து இருந்து கண்ணுல தண்ணி வழிஞ்சுது. ஐயா நாலு தகடு எடுத்தாரு, நாலு தடவையும் இவர் அப்படியே உக்காந்திருந்தாரு.

மறுநாள் கழுவிக் காயவெச்ச தகட்டை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பாத்தேன். நாலுலயும் கோட்டோட ரெண்டாவது பொத்தானுக்கு மேல ஒண்ணுமில்ல. இன்னாங்கய்யா இதுன்னேன்.

"முகம் யார்கிட்டதான் இல்ல? இந்தக் கை வேற யார்கிட்டம்மா இருக்கு?"

பேச்சு மட்டும் நல்லாப் பேசுவாரு. என் முகத்தைப் பாத்தாரோ என் கையைப் பாத்தாரோ, அடுத்த ஞாயித்துக்கிழமை முகத்தை எடுத்துத் தரேன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை மேகம். அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை பாலாத்துல தண்ணி வந்துச்சுன்னு அதை எடுக்க ஓடிட்டாரு. மூணாவது ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துல ஒரு கொப்புளம், நடுவுல கருப்பா. பச்சைத் தோலைத் தோள்ல தூக்கறவங்களுக்கு வர்றது அது. முகம் ஒரு பக்கமா வீங்க ஆரம்பிச்சு, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

எங்க ஜனத்துல பெட்டியை மூடறதுக்கு முன்னால ஒரு படம் எடுத்து வெச்சுக்கற வழக்கம் உண்டு. ஆளனுப்பினேன். ஐயா தானே கேமராவைச் சுமந்துக்கிட்டு வந்தாரு. முற்றத்து வெளிச்சத்துல பெட்டியை வெச்சிருந்தாங்க. கையைக் குவிச்சு, நடுவுல குருத்தோலைச் சிலுவை வெச்சிருந்தாங்க. முகம் வீங்கி ஒரு கண்ணு இருந்த இடமே தெரியல. நான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஐயா, இப்பவாவது முகத்தை எடுங்க. வீக்கத்தை நான் சரி பண்ணிக்கறேன். கண்ணை நான் திறந்துக்கறேன்."

அவர் கருப்புத் துணிக்குள்ள போனாரு. ரொம்ப நேரம் வெளியில வரல. வந்தப்ப லென்ஸ் கீழ குனிஞ்சிருந்துச்சு. மூணு வருஷமா அங்க வேலை செய்யறவ நான், லென்ஸ் எங்க பாக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எழுந்து போய்த் தள்ளியிருப்பேன். பொம்பளைங்க என்னைப் புடிச்சு உக்கார வெச்சிருந்தாங்க. ஒரே ஒரு தகடு எடுத்தாரு, மூடினாரு, கேமராக் காலை மடக்கினாரு. வாசல்கிட்ட வந்து, "அது அவன் முகம் இல்லம்மா"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு.

இரக்கப்பட்டு சொன்னாரா, கை மேல இருந்த ஆசையில செஞ்சுட்டு அப்புறம் சொன்னாரா, எனக்கு அன்னிக்கும் தெரியல இன்னிக்கும் தெரியல. வயிறு எரிஞ்சுது, அது தெரியும்.

அந்தப் படத்துக்குத்தான் மெடல் வந்துச்சு. தகரப் பெட்டியில வெச்சு சீமைக்கு அனுப்பினாரு, அங்கேர்ந்து காகிதமும் மெடலும் வந்துச்சு. இன்னொரு பிரதியைப் பெருசா அடிச்சு, சட்டம் போட்டு, என் மேசைக்கு எதிர்ல மாட்டினாரு. மெட்ராஸ்லேர்ந்து துரைங்க வந்து தொப்பியைக் கழட்டிக்கிட்டுப் பாப்பாங்க. படத்துல பொய் இல்ல, நான் அதையும் சொல்லணும். வெடிப்பு ஒவ்வொண்ணும் தெரியும். ஆவாரங்கறை படத்துல கருப்பாத்தான் விழும், அதனால கை கன்னங்கரேல்னு, அதுல அந்த ஓலை மட்டும் வெளேர்னு இருக்கும். அதுக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு நான் ஊர்ல இருக்கற மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் நகம் வெச்சேன். வேற எங்க போறது, இடுப்புல குழந்தை.

என் மக அஞ்சு வயசுல ஒருநாள் அங்க வந்து அந்தப் படத்தைப் பாத்து யாரு கைன்னு கேட்டா. உங்க அப்பா கைன்னேன். அப்பா எங்கன்னா. படத்துக்கு மேல இருக்காருன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்துக்கு மேல செவுத்தைப் பாத்தா. ஒண்ணுமில்லையேம்மான்னா. ஐயா அப்ப அங்கதான் நின்னாரு. உள்ள போய்ட்டாரு.

நானும் முயற்சி பண்ணாம இல்ல. வெறும் கண்ணாடியை எடுத்து வெச்சு எங்க வீட்டுக்காரர் முகத்தை வரைஞ்சு பாத்தேன். புருவம் யாரோ முதலியாரோடது, மூக்கு யாரோ பாயோடது. ஆயிரம் முகத்தைத் திருத்தினவளுக்குத் தன் புருஷன் முகம் வரல. துடைச்சுப் போட்டுட்டேன்.

ஐயா தன் படங்களை மத்தவங்க மாதிரி அச்சடிக்க மாட்டாரு. ஆரஞ்சு நிறத்துல ஒரு உப்பைக் கரைச்சு, வேலம்பிசின்ல கலந்து, காகிதத்துல பூசி, வெயில்ல வெச்சு எடுப்பாரு. வெறுங்கையாலயே எல்லாம். ஷாப்புல புதுசா வந்த குரோம் தோலுக்கும் அதே உப்புதான் போட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். முதல்ல அவர் விரல் இடுக்குல அரிப்பு. அப்புறம் வட்ட வட்டமாக் குழிப்புண்ணு, ஆறவே ஆறாது. நகம் ஒவ்வொண்ணா விழுந்துச்சு. ஆம்பூர் வெயில்ல சால்வை போட ஆரம்பிச்சாரு. ஆள் வந்தா கையைப் பின்னால கட்டிக்குவாரு. கையைக் காட்டுன்னு சொல்றதையும் கம்மி பண்ணிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி, மறைக்க மாட்டேன்.

கடைசி வருஷம் நெஞ்சுல சளி கட்டி ஆள் பாதியாயிட்டாரு. அப்ப தஞ்சாவூர்ப் பக்கத்துலேர்ந்து அவர் அக்கா கடுதாசி போட்டாங்க. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளத்தவங்க, பாத்து இருபது வருஷம் ஆச்சு. ஊர் உலகத்தையெல்லாம் படம் புடிக்கறியே, உன் முகத்தை ஒரு தடவை புடிச்சு அனுப்பக் கூடாதான்னு எழுதியிருந்தாங்க. அவர் அதை நாலஞ்சு தடவை படிச்சாரு. என்னைக் கூப்பிட்டு, நீ எடும்மான்னாரு. பெட்டியில ஒரே ஒரு தகடுதான் மீதி, மெட்ராஸ்லேர்ந்து தகட்டுப் பார்சல் இன்னும் வரல. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, சாக்குத் துணிக்கு முன்னால உக்காந்தாரு. கை சால்வைக்குள்ள.

நான் கருப்புத் துணிக்குள்ள போனேன். அங்க மனுசன் தலைகீழாத் தெரிவாரு. அத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் அவர் முகத்தை நின்னு பாத்தேன். மோவாயைத் தூக்கிக்கிட்டு, இமைக்காம, நேரா லென்ஸையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்க வீட்டுக்காரர் தோல் அடுக்கு மேல உக்காந்த மாதிரியே. எனக்கு என்னவோ ஆயிடுச்சு. துணியை விலக்கிட்டு வெளியில வந்தேன்.

"ஐயா, கையைக் காட்டுங்க."

அவர் என்னையே பாத்தாரு. அப்புறம் சால்வையை எடுத்துட்டு, கையை முட்டி மேல வெச்சாரு. நான் திருகாணியைத் தளர்த்தி லென்ஸைக் கீழ குனிச்சேன். அந்தத் திருகாணிச் சத்தம் அவருக்குத் தெரியாதா? அவர் வாங்கின கேமரா அது. எத்தனை எண்ணப் போறேன்னு மட்டும் கேட்டாரு. பத்துன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டு மோவாயைத் தூக்கினாரு. நான் மூடியைக் கழட்டி எண்ணினேன். இருமலை அடக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய, பத்து வரைக்கும் ஒரு இம்மி அசையல மனுசன்.

பார்சல் வந்ததும் முகத்தை எடுத்துக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன், ஆண்டவர் மேல சத்தியமா. ஒரு வாரம் அவருக்கும் தெரியட்டும்னு நெனச்சேன், அவ்ளோதான். பார்சல் வியாழக்கிழமை வந்துச்சு. அவர் செவ்வாய்க்கிழமையே போய்ச் சேந்துட்டாரு. கடைசி முகத்தை எடுக்கறதுக்கும் எங்க யார்கிட்டயும் தகடு இல்ல. அவரும் எனக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைன்னுதான் சொல்லியிருந்தாரு, பொய் சொல்லணும்னு சொல்லியிருக்க மாட்டாரு.

அக்கா வர்றாங்கன்னு தந்தி வந்தப்ப அந்தத் தகட்டை எடுத்து ஜன்னலுக்கு நேரா வெச்சேன். ரெண்டு விரல்லதான் நகம் இருந்துச்சு. என் படத்துல பென்சில் படக் கூடாதுன்னு சொன்னவரு. நான் பென்சிலைச் சீவி மீதி எட்டுக்கும் நகம் வெச்சேன். புண்ணை எல்லாம் மூடினேன். அந்தம்மாவுக்கு அந்தக் கை தெரிய வேணாம்னு இருந்துச்சு.

மகன் தோளைப் புடிச்சுக்கிட்டு அந்தம்மா வந்தாங்க. முதல் வார்த்தையே, படம் எடுத்தானாம்மான்னு கேட்டாங்க. குடுத்தேன். கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்தாங்க. அப்புறம் திருப்பிப் பின்பக்கத்தைப் பாத்தாங்க.

"கை நல்லாத்தான் இருக்கு. முகம் எங்கம்மா?"

 பதினாறு வருஷமா நான் கேட்ட கேள்வி அது.

"அசைஞ்சிட்டாரும்மா. முகம் விழல."

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. வாய் கோணி அழுகை வந்துச்சு, அதுக்கு நடுவுல சிரிப்பும் வந்துச்சு.

"அசைஞ்சிட்டானா? சின்னதுலயே அப்படித்தாம்மா அவன். ஒரு இடத்துல நிக்கவே மாட்டான்."

ஆமாம்மான்னு சொன்னேன்.